வீட்டுக் குறுந்தட்டு பெரிய திரைக்கு ஏறுமா?

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் செயலவைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஒவ்வோர் ஆண்டும் விரிவுரை மண்டபத்தில்தான் படம் போடுகிறோம். இந்த முறை பேரங்காடியில் உள்ள திரையரங்கு ஒன்றைச் சனிக்கிழமை காலை வாடகைக்கு எடுத்து, நம் நாட்டிலேயே எடுக்கப்பட்ட தமிழ்ப் படம் ஒன்றைத் திரையிட்டால் என்ன?

எல்லாருக்கும் பிடித்துப்போனது. படத்தையும் நானே சொன்னேன். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயரும் ஒரு குடும்பத்தைப் பற்றிய 80 நிமிடப் படம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இயக்குநர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் எடுத்தது. அதன் டி.வி.டி. எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. "படம் கைவசம் இருக்கிறது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அப்படி வாய் விட்டதற்கு அடுத்த மூன்று வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது.

குறுந்தட்டைத் திரையரங்குக் கோப்பாக மாற்ற முடியுமா என்று கேட்டால், முடியும். ஒரு மடிக்கணினியும் இலவச மென்பொருளும் போதும். ஆனால், அது நாம் தேடும் முதல் வழியாக இருக்கக்கூடாது, வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது இன்று என் கருத்து. இந்தக் கருத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்கிறேன். என்னைப் போல் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லப்போகும் மாணவர்களுக்கு உதவும்.

திரையரங்கு கேட்கும் கோப்பு

திரையரங்கு நிர்வாகத்திடம் பேசியபோது முதலில் கேட்ட கேள்வியே, "டி.சி.பி. இருக்கிறதா?" என்பதுதான். டிஜிட்டல் சினிமா பேக்கேஜ் என்பதன் சுருக்கம் அது. படச்சுருள் காலம் முடிந்த பிறகு, உலகம் முழுவதும் திரையரங்குகள் ஏற்கும் பொது வடிவம் இதுதான். ஹாலிவுட்டின் ஏழு பெரிய நிறுவனங்கள் 2002ஆம் ஆண்டில் கூட்டாக ஓர் அமைப்பைத் தொடங்கி, 2005ஆம் ஆண்டில் இதற்கான முதல் வரையறையை வெளியிட்டன.

டி.சி.பி. என்பது ஒரே கோப்பு அன்று, பல கோப்புகள் கொண்ட ஓர் உறை. படத்தின் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியாக ஜேபெக் 2000 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும். வழக்கமாக நொடிக்கு 24 சட்டகங்கள். ஒலி எந்தச் சுருக்கமும் இல்லாமல் அப்படியே இருக்கும். எந்தக் கோப்பு எதற்குப் பின் ஓட வேண்டும் என்று சொல்லும் சிறு பட்டியல் கோப்புகளும் உள்ளே இருக்கும். திரையரங்கின் சர்வர் அந்தப் பட்டியலைப் படித்துத்தான் படத்தை ஓட்டும்.

இதைச் செய்து தரும் நிறுவனங்கள் கேட்ட கட்டணம் எங்கள் பேரவையின் ஓராண்டு வரவு செலவையே விழுங்கிவிடும் போலிருந்தது. தேடியதில் 'டி.சி.பி.-ஓ-மேட்டிக்' என்ற மென்பொருள் கிடைத்தது. இலவசமானது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. குறுந்தட்டில் இருந்த கோப்புகளை அதில் இழுத்துப் போட்டேன். அந்தத் தட்டில் பூட்டு எதுவும் இல்லை. மாலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தேன். காலையில் டி.சி.பி. தயார்.

குறுந்தட்டில் 4 ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகமாக இருந்த படம், டி.சி.பி.யில் 60 ஜிகாபைட்டைத் தாண்டியிருந்தது. இவ்வளவு பெரிதாகிவிட்டதே, தரமும் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனையில் தெரிந்த குட்டு

திரையிடலுக்கு முன் சோதித்துப் பார்க்க, ஒரு வார நாள் காலையில் திரையரங்கு எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்தது. புரொஜெக்டர் அறையில் இருந்த அபாங், படம் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் என்னைப் பார்த்து, "இது வீட்டு டி.வி.டி.தானே?" என்று மலாயில் கேட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. திரையே சொல்லிவிட்டது.

மூன்று குறைகள் கண்ணுக்கும் காதுக்கும் உடனே தெரிந்தன. முதலாவது, யாராவது கையை அசைத்தால் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் விழுந்தன. பழைய தொலைக்காட்சிக்காக எடுத்த படங்களில் ஒவ்வொரு சட்டகமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். அந்தப் பாதிகளை ஒழுங்காகச் சேர்க்கும் வடிகட்டி மென்பொருளிலேயே இருக்கிறது. நான் அதைப் போடவில்லை.

இரண்டாவது, பாட்டின் குரல் தடித்திருந்தது, பாடுபவருக்குச் சளி பிடித்ததுபோல. மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் தொலைக்காட்சியில் பால் முறையைப் பின்பற்றிய நாடுகள். நம் டி.வி.டி.களில் நொடிக்கு 25 சட்டகங்கள். அதை நான் 24 ஆக்கியதால் படம் மெதுவாகிவிட்டது. 80 நிமிடப் படம் 83 நிமிடத்தைத் தாண்டியது, ஒலியின் சுருதியும் இறங்கியது.

மூன்றாவது, வசனம் நடுத்திரையிலிருந்து வரவில்லை. டி.வி.டி.யில் இடம், வலம் என இரண்டே தடங்கள். திரையரங்கில் வசனம் நடுவில் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் ஓரத்து இருக்கையில் இருப்பவருக்கு எல்லாக் குரலும் பக்கத்துச் சுவரிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

இந்த மூன்றையும் சரிசெய்ய வழி இருக்கிறது. வரிக் கோட்டுக்கு வடிகட்டி. வேகத்துக்கு, 25 சட்டகத்திலேயே டி.சி.பி. செய்யலாம். ஆனால், அந்தத் திரையரங்கின் சர்வர் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒலிக்கு, இரண்டு தடங்களிலிருந்து பொதுவான பகுதியைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும் வசதி மென்பொருளில் உண்டு.

ஆனால், நான்காவதாக ஒரு குறை இருந்தது. அதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. படம் மங்கலாக இருந்தது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் டி.வி.டி.யின் ஒரு சட்டகம் 720க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் புள்ளிகளுக்குக் கொஞ்சம் குறைவு. அதே படம் திரையரங்கின் 2கே திரையை நிரப்ப வேண்டுமானால் 1920க்கு 1080 புள்ளிகள் வேண்டும். இருபது லட்சத்துக்கும் மேல். சரியாக ஐந்து மடங்கு. அதாவது, திரையில் தெரியும் ஐந்து புள்ளிகளில் நான்கு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணினி ஊகித்து நிரப்பியவை.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த வி.சி.டி. நிலைமை இன்னும் மோசம். 352க்கு 288 புள்ளிகள்தான். திரையரங்குக்கு இருபது மடங்கு ஊதிப் பெரிதாக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. குறுந்தட்டில் இடம் குறைவு என்பதால் படத்தைக் கடுமையாகச் சுருக்கித்தான் அதில் பதிவார்கள். அப்படிச் சுருக்கும்போது கழிந்துபோன விவரம் திரும்பி வராது. 4 ஜிகாபைட் 60 ஜிகாபைட் ஆனதன் இரகசியம் இதுதான். சின்னப் பையில் இருந்த அரிசியைப் பெரிய மூட்டைக்கு மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். அரிசி கூடவில்லை.

புளூ-ரே தட்டாக இருந்தால் நிலைமை நன்றாக இருக்கும். அதிலேயே 1920க்கு 1080 புள்ளிகள் உண்டு. ஆனால், நம் நாட்டில் எடுக்கப்பட்ட பழைய தமிழ்ப் படங்களையும் தொலைக்காட்சிப் படங்களையும் புளூ-ரேயில் நான் பார்த்ததே இல்லை. நம்மிடம் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் டி.வி.டி.யும் வி.சி.டி.யும்தான்.

மைலோ டின்னுக்குள் இருந்த படம்

சோதனை தோற்ற பிறகுதான் நான் இயக்குநரைத் தேடிப் போனேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைக் கடைசியில் செய்தேன். அவர் அனுமதி இல்லாமலே படத்தை மாற்றியிருக்கிறேன் என்று சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. "பரவாயில்ல தம்பி. ஆனா டி.வி.டி.ய ஏன் எடுத்தீங்க? டேப்பு இருக்கே" என்றார்.

ஒரு பழைய மைலோ டின்னைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே இரண்டு மினி டி.வி. நாடாக்கள். படத்தை வெட்டி ஒட்டி முடித்த பிறகு எடுத்த முதல் பிரதி. ஒரு நாடாவில் 60 நிமிடம், மற்றொன்றில் 20 நிமிடம்.

மினி டி.வி. நாடாவிலும் 720க்கு 576 புள்ளிகள்தான். பிறகு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். நாடாவில் நொடிக்கு 25 மெகாபிட் அளவில் படம் பதிவாகிறது. டி.வி.டி.யில் உச்ச வரம்பே 9.8 மெகாபிட். வழக்கமாக அதற்கும் கீழேதான் இருக்கும். அதனால் நாடாவில் முகங்களும் இலைகளும் கட்டம் கட்டமாக உடைவதில்லை.

நாடாவைக் கணினிக்கு ஏற்றுவது தனிக் கதை. ஓடும் நிலையில் ஒரு பழைய கேமரா வேண்டும், ஃபயர்வயர் செருகி உள்ள பழைய கணினி வேண்டும். கிள்ளானில் திருமண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் இரண்டும் இருந்தன. "இத இன்னும் ஏன் வெச்சிருக்கேன்னு வீட்ல தினமும் திட்டு" என்று சிரித்துக்கொண்டே தூசி தட்டிக் கொடுத்தார்.

முதல் நாடா அழகாக ஓடியது. இரண்டாவது நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நம் நாட்டு ஈரப்பதத்தில் காந்த நாடாவுக்கு வரும் நோய் அது. கேமராவில் போட்டதும் நீலத் திரை, இடையிடையே சிதறிய கட்டங்கள். அதற்குமேல் ஓட்டினால் கேமராவின் தலைப்பகுதியும் கெட்டுவிடும் என்று அண்ணன் நிறுத்திவிட்டார். ஆகவே, முதல் 60 நிமிடம் நாடாவிலிருந்தும் கடைசி 20 நிமிடம் குறுந்தட்டிலிருந்தும் எடுத்துப் புதிய டி.சி.பி. செய்தேன்.

திரையிட்ட அன்று இயக்குநர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரங்கு நிறையவில்லை என்றாலும் முன்னாள் தோட்டத்து மக்கள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் படம் மென்மையாக, ஆனால் தெளிவாக ஓடியது. பால்மரத்தில் வடியும் பால்கூடத் தெரிந்தது. அறுபதாவது நிமிடம் தாண்டியதும் திரைமேல் யாரோ ஈரத்துணி போட்டதுபோல் ஆனது. வீட்டைக் காலி செய்யும் காட்சி, படத்தின் உயிரே அதுதான். பாட்டி கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். அவள் கண் தெரியவில்லை.

இயக்குநர் மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு வருசத்துக்கு முன்னாடி யாராச்சும் வந்து கேட்டிருந்தா ரெண்டு டேப்பும் ஓடியிருக்கும், தம்பி."

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

இரண்டு எதிர்வாதங்கள்

நண்பர்கள் சிலர், "இவ்வளவு பாடு எதற்கு? மடிக்கணினியை நேரே புரொஜெக்டரில் இணைத்து டி.வி.டி.யை ஓட்டிவிடலாமே" என்கிறார்கள். சில அரங்குகள் அதற்கு இடம் தரும். ஆனால், நிறமும் ஒலியளவும் அங்கே நம் கையில் இருக்காது. நடுவில் மடிக்கணினி அறிவிப்பு ஒலி எழுப்பும், தூங்கிவிடும். டி.சி.பி. ஒரு முறை சரியாக அமைந்துவிட்டால் ஈப்போவிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் ஒரே மாதிரி ஓடும். நம் படத்துக்கும் மற்ற படங்களுக்கு உள்ள அதே மரியாதை கிடைக்கும்.

இன்னும் சிலர், "செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, அது படத்தைத் தெளிவாக்கிவிடும்" என்கிறார்கள். நானும் முயன்றேன். அந்தக் கடைசிக் காட்சியை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். பாட்டியின் முகம் பளிச்சென்று வந்தது. ஆனால், நெற்றிச் சுருக்கம் காணாமல் போயிருந்தது. கைலியின் பூவேலைப்பாடு வேறு ஏதோ கோலமாக மாறியிருந்தது. இயக்குநரிடம் காட்டினேன். "இது யாரு?" என்று கேட்டார். அந்த வேடத்தில் நடித்தது அவருடைய சொந்த அம்மா. தெரியாததை ஊகித்து நிரப்புவதுதான் அந்த மென்பொருளின் வேலை. பொழுதுபோக்குக்கு அது பயன்படலாம். நம் மக்களின் முகத்தைக் காக்கும் வேலைக்கு, இல்லாததை வரைந்து சேர்ப்பது உதவாது. மங்கலாக இருந்தாலும் உண்மையான 20 நிமிடத்தையே போட்டோம்.

அனுமதி முதலில்

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். டி.வி.டி. உறையில் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது அலங்காரத்துக்காக இல்லை. தட்டு நம்முடையது, படம் நம்முடையது ஆகாது. 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்துக்கு வெளியீட்டுக்குப் பின் 50 ஆண்டுகள் உரிமை உண்டு. கடையில் விற்கும் பல தட்டுகளில் உள்ள மின்னியல் பூட்டை உடைப்பதற்கும் சட்டத்தில் தடை இருக்கிறது. இவற்றோடு, பொதுமக்களுக்குத் திரையிட 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் தணிக்கை வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

இதைப் பாரமாக நினைக்க வேண்டாம். அனுமதி கேட்கப் போனதால்தான் எனக்கு அந்த நாடா கிடைத்தது. கேட்காமலே திரையிட்டிருந்தால், மைலோ டின் அலமாரியிலேயே கிடந்து இரண்டு நாடாவும் வீணாகியிருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோவின் பழைய மலாய்ப் படங்கள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றைப் பாதுகாக்கச் சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஆசியத் திரைப்படக் காப்பகம் இருந்தது. படச்சுருள் மிஞ்சியிருந்தால் அறுபது ஆண்டு கழித்தும் அதை உயர்ந்த தரத்தில் மறுபடி எண்மமாக்கலாம்.

நம் தமிழ்ப் படைப்புகளின் நிலை வேறு. 2005இல் வந்த 'செம்மண் சாலை', 2015இல் வந்த 'ஜகாட்' போன்ற சில படங்கள் வெளியுலகின் கவனத்தையும் விருதையும் பெற்றன. அவற்றுக்குப் பின்னால், பேர் தெரியாத எத்தனையோ குறும்படங்களும் தொலைக்காட்சிப் படங்களும் நாடகப் பதிவுகளும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. வீட்டில் எழுதிய குறுந்தட்டுகளில் உள்ள சாயப்பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். நாடாவுக்குப் பூஞ்சணம். வன்தட்டு ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும்.

ஆகவே, தமிழ்ப் பேரவைகளிலும் பள்ளித் தமிழ்க் கழகங்களிலும் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். திரையிட ஒரு படம் தேர்ந்தெடுத்தால், தட்டைத் தேடும் முன் ஆளைத் தேடுங்கள். இயக்குநர், படத்தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர், யாராவது ஒருவர் கிடைப்பார். அவரிடம் நாடா இருக்கிறதா, படத்தொகுப்புக் கணினியின் வன்தட்டு இருக்கிறதா, ஒலித்தடம் தனியாக இருக்கிறதா, வசன மொழிபெயர்ப்பு எழுத்துக் கோப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவுமே இல்லை என்று உறுதியான பிறகு குறுந்தட்டைக் கையில் எடுங்கள். அப்போதும் இருக்கிற பிரதிகளிலேயே கீறல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

டி.சி.பி. செய்யும்போது பூட்டுப் போடாதீர்கள். பூட்டினால் திரையரங்குக்குத் தனிச்சாவி அனுப்ப வேண்டும், மாணவர் திரையிடலுக்கு அது தேவையில்லை. எந்த வகை வன்தட்டை அவர்களின் சர்வர் படிக்கும் என்று முன்பே கேளுங்கள். 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காத பழைய வகைப் பென்டிரைவில் டி.சி.பி.யை ஏற்ற முயன்று நானே ஒரு மாலையை வீணாக்கினேன். கண்டிப்பாக ஒரு நாள் முன்னதாகவே திரையில் ஓட்டிப் பாருங்கள்.

திரையிடல் முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். நாடாவிலிருந்து எடுத்த கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். டி.சி.பி.யை விட அதுதான் முக்கியம். மூன்று பிரதிகள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். படைப்பாளரிடம் தேசிய நூலகத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சு நூல்களோடு ஒலி, ஒளிப் படைப்புகளையும் உள்ளடக்கியது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் பேரவையில் இப்போது ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். யாரிடம் என்ன நாடா இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் விசாரிக்கிறோம். கிள்ளான் அண்ணன் தம் கேமராவை எங்களிடமே விட்டுவைத்திருக்கிறார். அது ஓடும்வரை எடுக்கலாம்.

இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் தாமானில் படம் எடுத்த மாமா ஒருவர் இருந்தால் போய்ப் பாருங்கள். மைலோ டின் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்பதைவிட இன்றே கேட்பது நல்லது.